நாற்பத்தொன்றாம் நம்பர் சீட்டு

கண்புரை அறுவைக்காகப் போன மாதம் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் இன்சூரன்ஸுக்கென்றே ஒரு மேஜை, அதன் பின்னால் ஒரு பெண். காலை பத்து மணிக்குக் காகிதங்களைக் கொடுத்தேன். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. எழுந்து போய்க் கேட்டபோதெல்லாம் அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இன்னும் அப்ரூவல் வரலீங்கம்மா" என்றாள். மூன்றாவது தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்துகிறவர்களையே பார்த்துப் பழகியவள் போலிருக்கிறது. என் சிரிப்பைக் கண்டு பயந்துபோனாள். நீ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு நாற்காலியில்தான் நான் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அப்ரூவல் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆனதால் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடிந்தது. முழுசாக எழுதி அனுப்புவதாக ஒப்புக்கொண்டேன். இப்போது ஒரு கண் நன்றாகத் தெரிகிறது. எழுதுவதற்கு அது போதும்.

என் பெயர் ஜைத்தூன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் அத்தா தையல் கடை வைத்திருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும், வீட்டில் சும்மா இருப்பதற்கு டைப்படித்துப் பழகட்டும் என்று இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப், அதோடு சுருக்கெழுத்து. ஊரில் அப்போது மூன்றும் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்று இன்ஸ்டிட்யூட்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் இன்னொருத்தியும் இருந்தாள். கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். எப்படியோ அந்தப் புகழ் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்த சமயம் அது. அதியமான்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு நூற்பாலை, ஒரு பஸ் கம்பெனி, இன்னும் இரண்டு சிறிய ஆலைகள், இவற்றின் தொழிலாளர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வைத்திய நிதி ஆரம்பித்திருந்தார்கள். மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். நோய்நொடி என்று வந்தால் நிதி பார்த்துக்கொள்ளும். நிதி என்ன பார்க்கும்? அதற்கு ஒரு டாக்டர்கூடக் கிடையாது. இருந்ததெல்லாம் மூன்று அறை, இரண்டு டைப்ரைட்டர், ஒரு டெலிபோன். ஆகவே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தர்மபுரியில் பெரிய ஆஸ்பத்திரி, பென்னாகரத்திலும் அரூரிலும் சின்னக் கிளைகள். இந்த ஒப்பந்தப் பேச்சுகளில் குறிப்பெடுப்பதுதான் என் முக்கிய வேலை. வாயைத் திறக்கக் கூடாது, கை மட்டும் ஓடவேண்டும்.

நிதியின் செயலாளர் வெங்கடேசலு சார். ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒத்துக்கொண்ட ஷரத்துக்கு நீலம், தகராறில் இருக்கும் ஷரத்துக்குச் சிவப்பு. பித்தளை டம்ளரில் வெந்நீர் குடிப்பார். காப்பி, டீ எதுவும் கிடையாது. கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் தெலுங்கில் எண்ணுவார்: ஒகட்டி, ரெண்டு, மூடு. சாதாரணக் கோபம் மூன்றோடு முடியும். ஐந்து வரை போனால் பியூன் மாரியப்பன் வெளியே போய்ச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஷரத்து எழுதுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஆஸ்பத்திரித் தரப்புக்குச் சேலத்திலிருந்து ஒரு வக்கீல் வருவார். அவர் ஷரத்தைப் படிப்பார். படித்து முடித்ததும் வெங்கடேசலு சார் மேஜையைச் சுற்றிலும் பார்த்து, யாராவது ஒருவரைக் காட்டி, "இதை இப்ப மில்லு கேட்டுல நிக்கறவனுக்குச் சொல்லுங்க" என்பார். அவர் பேச்சுத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால்தான் நீலப் பேனா. முடியாவிட்டால் ஷரத்தைத் திரும்ப எழுத வேண்டும். வக்கீலுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. அதிகமாக மாட்டிக்கொண்டவரும் அவர்தான்.

முதல் ஒப்பந்தத்தில் இரண்டு நாளைத் தின்றது நோயாளிக்குத் துணையிருப்பவர்கள் விஷயம். ஒரு நோயாளிக்கு ஒரு துணை என்று ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. தொழிலாளர் சார்பில் வந்திருந்த பஸ் டிரைவர் முனுசாமி அண்ணன் அதைக் கேட்டு மலைத்துப்போனார். ஒருத்தர்தான் என்றால் சொந்தபந்தமெல்லாம் எங்கே போய் நிற்பது, நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டாமா என்றார். மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் தலைவி மதர் லூர்து. கோவிலூர் பெண்மணி, எங்கள் ஊர்ப் பழக்கம் அத்தனையும் அறிந்தவர். போன வாரம் ஒரு குடலிறக்க நோயாளியோடு பதினாலு பேர் வந்து கட்டிலுக்கடியில் படுத்திருந்ததை அவர் சொன்னார். கடைசியில் வார்டுக்குள் ஒருவர், பின்புறத்து வேப்பமரத்தடியில் மூவர், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் என்று முடிந்தது. கருவாடு வறுக்கக் கூடாது. இதுவும் ஷரத்தில் உண்டு. பதினொன்று, உட்பிரிவு இ. முத்திரைத்தாளில் நானே டைப்படித்தேன்.

இத்தனை நுணுக்கமாகப் பார்த்தவர்கள் ஏழாவது ஷரத்தை ஒரு எலுமிச்சை ஜூஸ் குடிக்கிற நேரத்தில் தாண்டினார்கள். சிகிச்சைக்கு உரியவர்கள் யார் என்று சொல்லும் ஷரத்து அது: "உறுப்பினரும், உறுப்பினருடன் வசிக்கும் மனைவி மக்களும்." அதை வெங்கடேசலு சாரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். முனுசாமி அண்ணனைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"அதான் சார், பொண்டாட்டி புள்ளைங்க" என்றார் அண்ணன்.

நீலப் பேனா. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் டைப்படித்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

ஒப்பந்தம் நன்றாகவே ஓடியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டிய நோயாளி கிளைக்கு வந்தால், கிளையிலிருந்து எங்களுக்கு எக்ஸ்சேஞ்ச் வழியாக டிரங்க் கால் வரும். நாங்கள் உறுப்பினர் அட்டையைப் பார்த்துச் சரி என்றால் ஒரு சீட்டு நம்பர் கொடுப்போம். நம்பர் கொடுத்தால்தான் தர்மபுரியிலிருந்து ஜீப் கிளம்பும். மூன்று ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து அந்த ஒரு ஜீப்தான். அதனால் மதர் அந்த விதியில் கறாராக இருந்தார். நம்பர் கொடுக்கும் அதிகாரம் வெங்கடேசலு சாருக்கு. அவர் இல்லையென்றால் நிதியின் தலைவரான நூற்பாலை மேனேஜருக்கு. மூன்றாவது ஆள் கிடையாது.

இரண்டாவது வருஷம் அரூரிலிருந்து ஒரு கால் வந்தது. ஒரு கண்டக்டரின் மனைவி, முதல் பிரசவம், சிக்கல். சார் அட்டையை எடுத்தார். விலாசம் தர்மபுரி. அந்தப் பெண்ணோ இரண்டரை மாதமாக அரூரில் தாய் வீட்டில் இருந்தாள். சார் ஏழாவது ஷரத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். உறுப்பினருடன் வசிக்கவில்லை, நம்பர் கிடையாது என்று சொல்லிவிட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஒருத்தருக்கு ஷரத்தை வளைத்தால் அடுத்தவருக்கு மாட்டேன் என்று சொல்ல நமக்கு வாய் இருக்காது என்பார். கண்டக்டரின் கூட்டாளிகள் அவர் பஸ்ஸிலேயே கடைசி சீட்டைக் காலி செய்து, மெத்தை போட்டு, வழியில் ஒரு இடத்திலும் நிறுத்தாமல் தர்மபுரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆண் குழந்தை, இருவரும் நலம். நிற்காமல் போன பஸ்ஸைத் துரத்தி ஓடிய பிரயாணிகளின் கதையைச் சொல்லி ஊரே சிரித்தது. சிரித்த சிரிப்பில் ஷரத்தில் இருந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்த தடவை அதே ஓட்டை என் தலையில் விடிந்தது.

அன்றைக்கு வெங்கடேசலு சார் குடும்பத்தோடு தீர்த்தமலைக்குப் போயிருந்தார். வருஷத்துக்கு ஒரு நாள்தான் லீவு போடுவார், அதுவும் இதற்காகத்தான். பதினொரு மணி இருக்கும். பென்னாகரத்திலிருந்து கால். பேசியது கிளையில் இருந்த நர்ஸ் சிஸ்டர். நூற்பாலைத் தொழிலாளி சின்னசாமியின் மனைவி ருக்மணி, முதல் பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே ஆபரேஷன் வசதி கிடையாது, உடனே ஜீப் வேண்டும் என்றார். அட்டையை எடுத்தேன். விலாசம் அதியமான்கோட்டை. எத்தனை நாளாக அங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும்.

"ரெண்டு மாசமா ஆத்தா வூட்டுலதாங்க இருக்குது. மாட்டு வண்டியில போட்டுக்கினு வந்திருக்காங்க."

லைனை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, மாரியப்பனை எதிர்க்கடை டெலிபோனுக்கு ஓடவிட்டேன். மேனேஜர் கோயம்புத்தூர் போயிருக்கிறார், நாளை மறுநாள்தான் வருவார் என்று பதில் கொண்டுவந்தார். தீர்த்தமலை உச்சிக்கு டெலிபோன் கிடையாது. இருந்திருந்தால்தான் என்ன? அரூர் கேஸ் என் கண்முன் ஃபைலில் இருந்தது. சார் சொல்லப்போகும் பதில் எனக்கு மனப்பாடம்.

எக்ஸ்சேஞ்சுக்காரர் நடுவில் வந்து மூன்று நிமிஷம் ஆகிவிட்டது என்றார். நர்ஸுக்குப் பின்னால் ஒரு வயதான பெண்குரல் கேட்டது. கார் வருதான்னு கேளுங்க, கார் வருதான்னு கேளுங்க என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அத்தாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கியிருந்த வருஷம் அது. வீட்டில் என் சம்பளம்தான் அரிசி. அதுவும் நினைவுக்கு வராமல் இல்லை. கடைசியாகக் கொடுத்த சீட்டு நாற்பது.

"எழுதிக்கோங்க சிஸ்டர். நாற்பத்தொண்ணு" என்றேன்.

"குடுத்தவங்க பேரு?"

"ஜைத்தூன்."

"என்ன பதவிங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. டைப்பிஸ்ட் என்றேன்.

"சரிங்க. டைப்பிஸ்ட்டுன்னே எழுதிக்கறன்" என்றார் அந்தப் புண்ணியவதி.

ஜீப் இண்டூர் வழியாகப் போய்த் திரும்பியது. மாரியப்பன் ஆஸ்பத்திரி வாசலிலேயே தவம் கிடந்தார். மூன்றரை மணிக்குத் தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தார். பெண் குழந்தை, ஆபரேஷன், தாய்க்கும் சேய்க்கும் பழுதில்லை. எனக்கு அழுகை வந்தது. மாரியப்பன் தன் காசில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அது அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை.

இனிச் சீட்டை டைப்படிக்க வேண்டும். அதில் 'நோயாளி வசிக்கும் இடம்' என்று ஒரு கட்டம் உண்டு.

"அதியமான்கோட்டைன்னு போட்டுருங்கம்மா" என்றார் மாரியப்பன். "ரெண்டு நாளு ஆத்தாளைப் பாக்கப் போயிருந்துச்சின்னா முடிஞ்சிது. எவன் வண்டி கட்டிக்கினு போயி கேக்கப் போறான்?"

நான் அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீடு இல்லை. பொய் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் எழுதினால் ருக்மணி மட்டும் தப்பிப்பாள். நூற்பாலையில் மட்டுமே அந்த மாதம் நாலைந்து பேரின் மனைவிமார் தாய் வீட்டில் இருந்தார்கள். எல்லோருக்கும் அதே பொய்யை எத்தனை தடவை டைப்படிப்பது? 'பென்னாகரம் பக்கம், தாய் வீடு' என்று அடித்துச் சாரின் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சார் வந்தார். வழக்கம்போல் கோயிலிலிருந்து மாரியப்பனுக்குத் திருநீறும் எனக்கு வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சீட்டைப் படித்தார். கண்ணை மூடினார். ஒகட்டி, ரெண்டு, மூடு. நாலுகு. ஐது. மாரியப்பன் சைக்கிளுக்குப் போய்விட்டார். ஆறு. ஏடு. ஏழு வரை அவர் எண்ணி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் இருந்திருந்தா குடுத்திருக்க மாட்டேம்மா" என்றார் கண்ணைத் திறந்து.

வெந்நீரைக் குடித்துவிட்டு வேறு ஃபைலை எடுத்துக்கொண்டார்.

மேனேஜர் ஊரிலிருந்து வந்ததும் ஆபீசுக்கே வந்துவிட்டார். டைப்பிஸ்ட் நம்பர் கொடுக்கலாம் என்றால் நாளைக்குப் பியூனும் கொடுப்பான் என்று அவர் சொன்னது வெளியே நின்ற மாரியப்பன் காதில் விழுந்து, அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சீட்டை ரத்து செய்ய வேண்டும், டைப்பிஸ்ட் பெண்ணை வேலையிலிருந்து அனுப்ப வேண்டும் என்பது மேனேஜரின் கட்சி. அவரே பிறகு ஒரு வழியும் சொன்னார். வெங்கடேசலு சார் தீர்த்தமலைக்குப் புறப்படுவதற்கு முந்தைய தேதியைப் போட்டு ஒரு கையெழுத்து வைத்துவிட்டால், அவரே முன்கூட்டி அனுமதித்த மாதிரி ஆகிவிடும், பெண்ணும் பிழைத்துப்போகட்டும் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"முன்தேதி போட்டு நான் கையெழுத்து வெச்சது இல்லீங்க" என்றார் சார்.

வந்த மூச்சு போய்விட்டது. என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். மனதுக்குள் அவரை நன்றாகத் திட்டவும் செய்தேன். அடுத்த வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் பேச்சு இருந்தது. அங்கேயே இதையும் வைத்து முடிவு செய்வதாக மேனேஜரிடம் சார் சொல்லி அனுப்பினார்.

இடையில் ஒரு நாள் ருக்மணியின் தாய் ஆபீசுக்கு வந்தார். தலையில் ஒரு கூடை சீதாப்பழம்.

"போனுல நம்பரு சொன்ன ஐயா யாருங்க?"

மாரியப்பன் என்னைக் காட்டினார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் கூடையை இறக்கி வைத்தார். குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டேன்.

"இன்னும் வெக்கலீங்க. நாப்பத்தொண்ணுன்னுதான் கூப்புடறோம்" என்றார்.

சீதாப்பழம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பழத்தையும் என் கடைசி மாதச் சம்பளம் மாதிரி எண்ணி எண்ணித் தின்றேன்.

பேச்சு ஆஸ்பத்திரியின் நூலக அறையில் நடந்தது. ஒரு பக்கம் மதர் லூர்து, ஒரு டாக்டர், சேலத்து வக்கீல். மறுபக்கம் மேனேஜர், வெங்கடேசலு சார், முனுசாமி அண்ணன். மேஜை ஓரத்தில் நானும் என் நோட்டும். முதல் இரண்டு நாள் படுக்கை எண்ணிக்கை, ஜீப், வேப்பமரத்தடி ஸ்டவ். மூன்றாம் நாள் ஏழாவது ஷரத்து. மேனேஜர் நாற்பத்தொன்று செல்லாது என்றார். மதரோ தனக்கு நம்பர் வந்தது, ஜீப்பை அனுப்பியாயிற்று, யார் சொன்ன நம்பர் என்று விசாரிப்பது தன் வேலையில்லை என்றார். நிதி தன் நம்பரையே மறுக்குமானால் இனி எந்த நம்பரை நம்பி ஜீப்பை அனுப்புவது என்றும் கேட்டார். வக்கீல் ஒப்பந்தத்தை மூடிவைத்துப் பேனாவையும் மூடினார். அப்படியே கலைந்திருந்தால் என் வேலை மட்டும் அல்ல, ஒப்பந்தமே போயிருக்கும்.

வெங்கடேசலு சார் டம்ளரைக் கீழே வைத்தார். "ஷரத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கேள்விங்க. பதிலு மினிட்ஸ்ல ஏறணும். அம்மா, எழுதிக்கோ" என்றார் என்னைப் பார்த்து. பிறகு மேனேஜரிடம் திரும்பினார். "உங்க மொதக் கொழந்தை எங்க பொறந்துச்சிங்க?"

மேனேஜர் இது எதற்கு என்றார். மினிட்ஸ்ல ஏறணுங்க என்று சார் மறுபடி சொன்னார்.

"காரிமங்கலம். மாமனார் வூட்டுல."

எழுதினேன். வக்கீலைக் கேட்டார். ஆத்தூர், அவர் மனைவியின் தாய் வீடு. டாக்டருக்கு வேலூர், அதுவும் மாமனார் வீடு. இத்தனை பெரிய ஆஸ்பத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு என்று மதர் மெல்லச் சிரித்தார். முனுசாமி அண்ணன் யாரும் கேட்பதற்கு முன்பே, "பாலக்கோடுங்க, மூணும் பாலக்கோடு" என்றார். மூன்றாவதுக்கு எதற்கு அனுப்பினீர்கள் என்று யாரோ கேட்க, அவள் திரும்பி வந்தால்தானே என்றார். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. மதருக்கு விலக்கு உண்டு என்று வக்கீல் சொன்னார். மதர் ஒப்புக்கொள்ளவில்லை. தான் பிறந்ததே தன் அம்மாவின் தாய் வீட்டில்தான், அதையும் எழுதிக்கொள் என்றார். எழுதினேன்.

"சரிங்க" என்றார் சார் மேனேஜரிடம். "அந்த மூணு நாலு மாசம் உங்க சம்சாரம் உங்களோட குடும்பம் நடத்தலீங்களா? வேற வூட்டு ஆளுங்களா அவுங்க?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னையும் எழுதிக்கோ அம்மா" என்றார் சார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இந்த ஏழாவது ஷரத்தை எழுதினது நான். எங்க வூட்டுக் கூடத்துல உக்காந்து எழுதினேன். எழுதறப்ப எம் பொண்ணு மாசமா எங்க வூட்டுல இருந்துச்சி, வெந்நி வெச்சிக் கொண்டாந்து குடுத்துது. அதைக் குடிச்சிக்கினேதான் எழுதினேன். அது புருசன் வூட்டுல இல்லங்கறது எனக்குத் தோணவே இல்லீங்க."

எனக்குக் கையெழுத்து கோணலாகப் போனது. அவரை மனதுக்குள் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் வேலை சட்டென்று நடந்தது. மதருக்கு ஒரு நியாயமான கவலை இருந்தது: பென்னாகரத்தில் எட்டே படுக்கை, யார் எப்போது வருவார்கள் என்று தெரியாமல் எப்படித் தயாராக இருப்பது? அதற்குச் சார் வழி வைத்திருந்தார். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு அனுப்பும்போதே உறுப்பினர் அந்த விலாசத்தை நிதியில் எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் அதைப் பக்கத்துக் கிளைக்கு அனுப்பிவிடுவோம். ஷரத்தில் சேர்த்த வரி இது: "பிரசவத்துக்காகத் தாய் வீட்டில் தங்கும் காலமும் உறுப்பினருடன் வசிக்கும் காலமே ஆகும்." இந்தத் தடவை திருப்பிச் சொல்ல மேனேஜரைக் காட்டினார்.

"ஆத்தா வூட்டுக்குப் போனாலும் நம்ம பொண்டாட்டிதான்" என்றார் மேனேஜர். நீலப் பேனா. நாற்பத்தொன்று பற்றி அவர் அதன்பின் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆபீசில் சார் எனக்கு ஒரு கவர் கொடுத்தார். உள்ளே இரண்டு காகிதம். முதலாவது மெமோ: அதிகாரம் இல்லாமல் நாற்பத்தொன்றாம் எண் சீட்டை வழங்கியதற்காக டைப்பிஸ்ட் ஜைத்தூன் கண்டிக்கப்படுகிறார்; சீட்டு செல்லும். அன்றைய தேதி, முற்பகல். இரண்டாவது உத்தரவு: செயலாளரும் தலைவரும் இல்லாத வேளையில் சீட்டு வழங்கும் அதிகாரம் ஜைத்தூனுக்கு அளிக்கப்படுகிறது. அதே தேதி, பிற்பகல்.

திட்டிவிட்டு அதே கையால் அதிகாரமும் கொடுக்கிறீர்களே சார் என்று கேட்டேன்.

"காலையில உனக்கு அதிகாரம் இல்ல. மத்தியானம் இருக்குது. ரெண்டும் நெசந்தானே?" என்றார் அவர், வெந்நீரை ஊதிக்கொண்டே.

அப்போதிலிருந்து எங்கள் பாரத்தில் 'தாய் வீடு' என்று ஒரு கட்டம் வந்தது. விலாசம் எழுதிக் கொடுக்க வருகிறவர்கள் வளைகாப்புச் சாதத்தையும் கொண்டுவருவார்கள். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம். மாரியப்பன் இரண்டே வருஷத்தில் ஊதிப்போய்ச் சைக்கிளுக்குப் புது சீட்டு மாற்றினார். எனக்குக் கல்யாணம் ஆகி, முதல் பிரசவத்துக்கு நானும் என் தாய் வீட்டுக்குத்தான் போனேன். அந்தக் கட்டத்தை நானே நிரப்பி, நானே கையெழுத்துப் போட முடியாமல், சாரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் ஷரத்தை ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பாலக்கோட்டிலிருந்து, காரிமங்கலத்திலிருந்து, அரூரிலிருந்து வந்த டிரங்க் கால்களுக்கு நான் கொடுத்த நம்பர்களுக்குக் கணக்கே இல்லை. வெங்கடேசலு சார் ஓய்வு பெற்றபோது அந்த இரண்டு பேனாக்களையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்பில் மையே தீர்ந்திருந்தது.

இதையெல்லாம் இன்சூரன்ஸ் மேஜைப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் என் அப்ரூவல் வந்தது. அவள் அதைப் பிரிண்ட் எடுத்தபடியே, அந்த இரண்டு காகிதத்தையும் இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு நடையில் மாட்டியிருக்கிறேன் என்றேன். அதிகாரம் கொடுத்த உத்தரவுதானே என்றாள்.

இல்லை, மெமோதான் என்றேன். அதிகாரம் வந்த பிறகு யார் வேண்டுமானாலும் நம்பர் கொடுத்திருப்பார்கள்.